முன்பின் தெரியாதவர்களுக்கு

தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனி இனி ஃபோம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காகிதக் கூழில் வார்த்த தட்டுகளுக்கு மாறிவிட்டார்கள். யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. கடிதம்கூட மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் பட்டறையே ஓடிக்கொண்டிருந்தது.

பட்டறை என்றால் வாடகைக்கு எடுத்த, தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. ஃபோம் வெட்டும் மெஷின் பெரியது ஒன்று, சின்னது ஒன்று. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் ஆபீஸ். உடையக்கூடிய பொருள் எதுவானாலும் அதன் உருவத்துக்கு ஃபோமில் குழி வெட்டித் தருவார்கள். பொருள் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்டி கைதவறி விழுந்தாலும் உள்ளே அசையாது.

முதலாளியின் மனைவிதான் பில், சம்பளம், போன் எல்லாம் பார்த்துக்கொண்டாள். முதலாளியின் தம்பியை எல்லாரும் சின்னவன் என்பார்கள். அவன் அவளை அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வேலையாட்களுக்கும் லாரிக்காரருக்கும் கூரியர்காரருக்கும் அவள் அண்ணியாகவே ஆகிவிட்டாள்.

ஆர்டர் நின்றதும் வேலையாட்களை ஒவ்வொருவராக அனுப்பவேண்டி வந்தது. கடைசியில் ஃபோம் ஒட்டும் பசை அக்கா மட்டும் மிச்சம். அவளைப் போகச் சொன்னபோது, "எங்க போறது? கையில ஒட்டின பசையே இன்னும் போகல" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். சின்னவன் காலையில் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கப் போனான். மத்தியானம் பட்டறைக்கு வந்துவிடுவான்.

முதலாளி மட்டும் மாறவில்லை. தினமும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "பார்ட்டி பாக்கப் போறேன்" என்று கிளம்புவார். சாயங்காலம் வந்ததும் அண்ணி கேட்பாள்.

"என்னாச்சுங்க?"

"பேசியிருக்கேன். பாக்கலாம்."

தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

மெயில் யோசனை சின்னவனுடையது. கிடங்கில் அவனோடு வேலை செய்யும் ஒருவன் சொன்னானாம், அவனுடைய மாமா இப்படி மெயில் அனுப்பித்தான் ஆர்டர் பிடிக்கிறார் என்று.

"முன்பின் தெரியாதவங்களுக்குத்தான் அண்ணி அனுப்பணும். நமக்கு அவங்களைத் தெரியாது, அவங்களுக்கு நம்மளத் தெரியாது. 'இது எங்க வேலை, உங்களுக்குப் பயன்படுமா'ன்னு கேக்கறது. அவ்வளவுதான். பெரிசா செலவு கிடையாது."

"தெரியாதவங்க எதுக்குடா பதில் போடுவாங்க?"

"நூறு பேர்ல ஒருத்தர் போட்டாப் போதும்."

இருவரும் உட்கார்ந்து ஏற்பாடு செய்தார்கள். குப்பை அனுப்புகிறது என்று பட்டறையின் சொந்த மெயில் முகவரிக்குப் பெயர் கெடக் கூடாது என்பதற்காக, மெயில் அனுப்ப மட்டும் மலிவாக டொமைன் என்கிற வேறொரு இணையப் பெயர் வாங்கினான் சின்னவன். கம்பெனிகளின் இணையதளங்களைத் திறந்து, பொருள் வாங்கும் பொறுப்பில் யார் இருக்கிறார் என்று தேடி, முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள் அண்ணி. இணையத்தில் கிடைத்த மாதிரி மெயில் ஒன்றைப் பார்த்து எழுதினாள். 'நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்ற எங்கள் நிறுவனம்' என்று அது ஆரம்பித்தது. 'எங்கள் தீர்வுகள்' என்று நடுவில் வந்தது. கீழே கணவர் பெயரைப் போட்டாள். பட்டறை அவர் பெயரில்தானே இருக்கிறது.

அவரிடம் மட்டும் சொல்லவில்லை. முகம் பார்த்துப் பேசாமல் வியாபாரம் ஏது என்று கேட்கிற மனிதர். தெரிந்தால் குதிப்பார்.

"ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் அண்ணி அனுப்பணும்" என்று சின்னவன் பலமுறை சொன்னான். "மொத்தமா அனுப்பினா மெயில் கம்பெனிக்காரங்க குப்பைன்னு முடிவுகட்டி ஒதுக்கிடுவாங்க. அப்புறம் நல்ல மெயில்கூட யார் கண்ணுலயும் படாது."

அவள் அப்படியே செய்தாள். காலையில் கொஞ்சம் அனுப்புவாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில மெயில்கள் அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன. 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று தானாக வரும் பதில்கள் வந்தன. ஒருவர், 'இனி எனக்கு எதுவும் அனுப்பாதே' என்று எழுதினார். மனிதர் கையால் எழுதிய பதில் என்பதால் அதைக்கூட இரண்டு தடவை படித்தாள். உடனே அவர் முகவரியை எடுத்துவிட்டு, மன்னிக்கவும் என்று ஒரு வரி போட்டாள்.

பசை அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"மெயில் போய்ச் சேர்ந்துச்சா அண்ணி?"

"சேர்ந்திருக்கும்."

"எந்த மெயில்ல அனுப்பினீங்களோ. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போகுது போல."

அண்ணி சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண் திரைக்குத் திரும்பிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் கொட்டகையின் சொந்தக்காரர் வந்தார். கூடவே ஒரு ஆள். அண்ணியிடம் ஒன்றும் சொல்லாமல் அந்த ஆள் இன்ச் டேப்பை எடுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்தான். பெரிய மெஷின் நிற்கிற இடத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, "இது எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டான்.

"நீங்க ஒண்ணும் தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார் கொட்டகைக்காரர். "சும்மா பாத்து வெச்சுக்கலாம்னுதான்."

அவர்கள் போன பிறகு அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருந்தால் எப்போது விடியும்? ஆயிரக்கணக்கான கம்பெனி முகவரிகளை மொத்தமாக விற்கும் இணையதளம் ஒன்றை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். சின்னவன் அதைத் தொடவே கூடாது என்றிருந்தான். அவள் வாங்கினாள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே அழுத்தாக அனுப்பினாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்தபோது மெயில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. சந்தேகப்படும்படியாக மெயில்கள் போனதால் இனி இங்கிருந்து அனுப்ப முடியாது என்று திரையில் இருந்தது.

சின்னவன் வந்து பார்த்தான்.

"ஏன் அண்ணி?"

"சுவரை அளந்துட்டுப் போறாங்கடா."

"என்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல."

"நீ வேண்டாம்னு சொல்லுவே. அதான் பண்ணல."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "இந்த இணையப் பேரே இனி உதவாது. எத்தனை வாரம் பாடுபட்டோம்" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவனுடைய தோளில் மூட்டை உராய்ந்து சிவந்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அனுப்பத்தான் முடியாதே தவிர, வருவது வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் திரும்பி வந்தவை. அவற்றுக்கு நடுவே ஒரு பதில் இருந்தது. மீட்டர் கம்பெனியின் ரிசப்ஷனில் உட்காரும் பெண் எழுதியது. வாங்கிய முகவரிகளில் அந்தக் கம்பெனியும் இருந்திருக்கிறது. பில் விஷயமாகப் போனில் பேசிப் பேசி அண்ணிக்கு அந்தப் பெண் நல்ல பழக்கம். நேரில் பார்த்ததில்லை.

'அண்ணி, சார் பெயரில் எங்களுக்கு ஒரு மெயில் வந்தது. சார் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். கையில் போன்கூட இல்லை. அதனால் இது நீங்கள் அனுப்பியதாக இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சார் தினமும் இங்கே வருகிறார். சாயங்காலம் வரைக்கும் மேனேஜருக்காக உட்கார்ந்திருக்கிறார். மேனேஜர் பார்க்க மாட்டார். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போனால் நல்லது.'

அண்ணி அதைச் சின்னவனிடம் காட்டவில்லை. "வெளியே போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மீட்டர் கம்பெனியின் ரிசப்ஷன் குளுகுளுவென்று இருந்தது. சோபாக்கள் காலியாகக் கிடந்தன. கதவோரம் குடைகள் வைக்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாம்பிள் பெட்டி. அதன் மேல் இரண்டு கையும். இஸ்திரிச் சட்டையில் காலர் ஓரம் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனவர், மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரிசப்ஷன் பெண் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அண்ணி உட்கார்ந்தாள்.

"வீட்டுல யாருக்காவது..." என்று ஆரம்பித்தார் அவர்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. வாங்க, போகலாம்."

"கொஞ்ச நேரம் இரு. மீட்டிங்ல இருக்காராம்."

ரிசப்ஷன் பெண் மேஜையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மேனேஜர் கிளம்பிட்டாரு சார். பின்பக்கமா போயிட்டாரு."

"தெரியும்மா" என்றார் அவர். "தினம் அப்படித்தான் போறாரு."

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சுதான் உக்காந்திருக்கீங்களா?"

"வேற எங்க போறது? முதல்ல நாலு இடம் போய்ப் பாத்தேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க. இங்கயாவது என்னைத் தெரியும், நாற்காலி குடுப்பாங்க. வீட்டுல இருந்தா உன் முகத்தைப் பாக்கணும்."

அவள் பெட்டியை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்துவிட்டார். ரிசப்ஷன் பெண்ணிடம் தலையை ஆட்டிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டமில்லை. அங்கே நின்றுகொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெயரில் மெயில் போனது, எத்தனையோ பேருக்குப் போனது, கடைசியில் மொத்தமாக அனுப்பிக் கெடுத்தது, எதையும் மறைக்கவில்லை.

"என் பேர்லயா?"

"ஆமா."

"மீட்டர் கம்பெனிக்குமா?"

"அது தெரியாம போயிடுச்சு."

அவர் முகம் கறுத்தது. "ஊர் பூரா என்னைப் பிச்சைக்காரனாக்கிட்டே" என்றார்.

அவளுக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்க ஒரே வாசல்ல உக்காந்து கேட்டீங்க. நான் ஒவ்வொரு வாசலா கேட்டேன். ரெண்டு பேருல யாரு பெரிய பிச்சைக்காரங்கன்னு நீங்களே சொல்லுங்க."

பஸ் வந்தது. ஏறினார்கள். அவர் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் பின்னால், பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

அதற்கப்புறம் சில நாட்கள் அவர் பேசவில்லை. ஆனால் வெளியேயும் போகவில்லை. அழுக்குச் சட்டையோடு பட்டறைக்கு வந்து, வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தேவைப்படாத வேலை அது. பசை அக்கா அவருக்கு டீ கொண்டுபோய் வைப்பாள். ஆறிப்போய் ஏடு படிந்ததும் எடுத்துவருவாள்.

சின்னவன் மட்டும் விடவில்லை. வேறொரு இணையப் பெயர் வாங்கினான். "இதுதான் கடைசி. இதையும் கெடுத்தா நான் கிடங்கோட போயிடுவேன்" என்றான். புது முகவரியிலிருந்து உடனே தெரியாதவர்களுக்கு அனுப்பக் கூடாதாம். முதலில் தெரிந்தவர்களுக்கு எழுதி, அவர்களைப் பதில் போடவைத்து, இது நிஜமான மனிதர்களின் முகவரிதான் என்று நிரூபிக்கவேண்டுமாம். அண்ணி உறவுக்காரர்களுக்கு எழுதினாள். நாத்தனாரிடமிருந்து நீளமான பதில் வந்தது. 'இப்பத்தான் எங்க நினைப்பு வந்துச்சா' என்று ஆரம்பித்து, கல்யாணத்துக்கு வராதது, வந்தும் சாப்பிடாமல் போனது என்று வரிசையாகப் போனது. பசை அக்காவின் மருமகன் தினமும் 'நலம், நலமறிய ஆவல்' என்று ஒரே வரியை அனுப்பிக்கொண்டிருந்தான்.

ஒரு மத்தியானம், அண்ணி பழைய மெயிலைத் திறந்து வைத்து என்ன மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அவர் வந்து நின்றார். எத்தனை நேரமாக நின்றாரோ.

"நூத்துக்கணக்கான வாடிக்கையாளரா? நமக்கு இருந்தது ஒண்ணு."

அவள் அந்த வரியை அழித்தாள்.

"தீர்வுகள்னு போட்டிருக்கே, அது என்ன?"

"எனக்கும் தெரியாதுங்க. எல்லாரும் போடறாங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யாருக்கு எழுதறே?"

ஆய்வகங்களுக்குக் கண்ணாடிக் குடுவை விற்கும் ஒரு பெண்ணின் இணையதளம் திரையில் இருந்தது. அனுப்பத் தயாராக இருக்கும் பெட்டிகளின் படம் ஒன்று அதில் இருந்தது. குடுவைகளைச் சுற்றிக் கசக்கிய காகிதத்தைத் திணித்திருந்தார்கள். அவர் அதைப் பெரிதாக்கச் சொல்லி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கழுத்துப் பக்கம் காலியா இருக்கு. அங்கதான் உடையும். உடையுதான்னு கேளு."

"அவ்வளவுதானா?"

"அதைத் தவிர அவங்ககிட்ட நமக்குக் கேக்க வேற என்ன இருக்கு?"

அவர் சொல்லச் சொல்ல அண்ணி தட்டினாள். நடுவில் இரண்டு தடவை சண்டை வந்தது. அவருக்குச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அப்பா காலத்து மெஷின் வரைக்கும் போய்விட்டார். அவள் வெட்டி வெட்டி எடுத்தாள். கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது:

'உங்கள் தளத்தில் பெட்டிகளின் படம் பார்த்தோம். குடுவைகளின் கழுத்துப் பக்கம் காலியாக இருப்பதுபோல் தெரிகிறது. போகிற வழியில் அங்கே உடைகிறதா? நாங்கள் ஃபோம் வெட்டுகிறவர்கள். ஒரு குடுவையின் அளவு அனுப்பினால் அதன் உருவத்துக்கு ஃபோமில் குழி வெட்டி அனுப்புகிறோம். பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம்.'

கீழே தன் பெயரை அவரே தட்டினார், ஒரு விரலால்.

இப்படி ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியதில் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி மெயில்தான் போனது. பதில்கள் சில வந்தன. அநேகமாக வேண்டாம் என்பவை. விளக்கு விற்பவர் ஒருவர், எங்களுக்கு ஆள் இருக்கிறார், ஆனால் நல்லபடி எழுதியிருக்கிறீர்கள் என்று போட்டிருந்தார். அதை முதலாளி சின்னவனைக் கூப்பிட்டுக் காட்டினார். "வேண்டாம்னுதான் சொல்றாரு. ஆனா உக்காந்து எழுதியிருக்காரு பாரு" என்றார்.

குடுவைப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இதற்குள் பாதிக் கொட்டகையை இன்ச் டேப் ஆளுக்கு விடப்போவதாகக் கொட்டகைக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். பெரிய மெஷினை விற்றார்கள். அதைக் கழற்றி ஏற்றியபோது முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார். அது நின்ற பாதிக் கொட்டகையில் இன்ச் டேப் ஆள் தடுப்பு எழுப்பி, டயர்களை அடுக்க ஆரம்பித்தான். மிச்சப் பாதியில் சின்ன மெஷினும் ஆபீஸும் இருந்தன. அந்த வாரம் அண்ணி ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. டயர் நாற்றத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட நாம் வேண்டாமா என்று ஒரே கேள்வி மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்த மெயில் வந்தது. 'ஆமாம், கழுத்தில்தான் உடைகிறது. அளவு இணைத்திருக்கிறேன்.'

முதலாளி சின்ன மெஷினில் உட்கார்ந்து வெட்டினார். பசை அக்கா ஒட்டினாள். கூரியரில் போட்ட பிறகு வேலை எதுவும் ஓடவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

குடுவைப் பெண் போனில் கூப்பிட்டாள். அண்ணிதான் எடுத்தாள்.

"சாருங்களா?"

"அவர் வீட்டுக்காரிதான் பேசறேன். சொல்லுங்க."

"நீங்க அனுப்பினதுல குடுவையை வெச்சு மாடிப்படியில உருட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. மறுபடி உருட்டினேன். இன்னும் நாலு அளவு இருக்கு, எல்லாத்துக்கும் வேணும். முதல் லோடு எப்ப குடுப்பீங்க?"

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். போனைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "குடுத்துடலாம்மா" என்றார். வைத்தபிறகு மெஷின் மேல் சாய்ந்துகொண்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பசை அக்கா அந்தப்பக்கம் போய் இல்லாத வேலையைத் தேடினாள்.

முதலாளி ஒருவரால் அத்தனையும் வெட்டி முடியாது என்று, முதலில் பழைய வெட்டுக்காரருக்குப் போன் போட்டார்கள். "வேற இடத்துல சேந்துட்டேன் முதலாளி. அங்கயும் என்னை நம்பி இருக்காங்க" என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது. கூப்பிட்டால் வருவார் என்று எண்ணியிருந்த முதலாளி போனை வைத்துவிட்டுச் சின்ன மெஷினைப் பார்த்தார். சின்னவனாலும் கிடங்கை விட முடியாது. இந்த ஆர்டர் பழையதில் கால்வாசிகூட இல்லை.

"நான் வெட்டறேன்" என்றாள் அண்ணி.

"உனக்குப் பழக்கமில்ல."

"மெயிலும்தான் பழக்கமில்லாம இருந்துச்சு."

மறுநாள் காலையில் சில மெயில்களை அனுப்பிவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் துண்டு கோணலாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அவர் அவள் கைமேல் கை வைத்து ஃபோம் பலகையைப் பிளேடு வரைக்கும் கொண்டுபோனார்.

"தள்ளாதே. அதுவா வரும். விரலை மட்டும் பாத்துக்கோ."

சாயங்காலத்துக்குள் எடுத்து அடுக்கும்படியாக நல்ல துண்டுகள் கொஞ்சம் சேர்ந்திருந்தன.